கட்டட வரைபடமும் கணினிக் குறுக்குவழிகளும்

வீடு கட்டப் புகுவோன் தன் மனத்தெழுந்த உருவத்தை மேசனுக்கும் தச்சனுக்கும் அறிவித்தற்குக் கையாளும் மொழியே வரைபடமாகும். பேச்சிற் பிழை நேரின் மறுகணமே திருத்திக்கொள்ளலாம். வரைபடத்திற் பிழை நேரின் அது சுவராய் எழுந்து நின்றுவிடும். ஆதலின், வரைபவனுக்கு வேண்டப்படும் பண்புகளுள் வாய்மை முதலிடம் பெறுவதாகும். விரைவு அதற்கு அடுத்ததே.

சென்ற தலைமுறை வரைஞர் மரப்பலகை, ரீ-சதுரம், மூலைமட்டம், ஒளிபுகும் தாள் ஆகியவற்றைக் கொண்டு தம் பணியை ஆற்றினர். ஒரு சுவரை ஓரடி நகர்த்த வேண்டின், காய்ந்த மையைச் சவர அலகினாற் சுரண்டி அழித்து, அப்பகுதி முழுவதையும் மீண்டும் வரைதல் வேண்டும். இன்று அப்பலகையின் இடத்தைக் கணினி பெற்றுவிட்டது. எனினும், கருவி மாறிய அளவிற்குப் பழக்கம் மாறியதெனக் கூறுதற்கில்லை. கணினியையும் ஒரு மரப்பலகையாகவே எண்ணி அதன்முன் அமர்வோர் இன்றும் பலராவர். இக்கட்டுரை, பெருவழக்காயுள்ள ஒட்டோகாட் என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கட்டட வரைபடத்தை விரைவாகவும் பிழையின்றியும் ஆக்கும் முறைகள் சிலவற்றை விளக்க முற்படுகின்றது. இவற்றுட் பெரும்பாலன, விலையின்றிப் பெறத்தக்க லிப்ரேகாட் முதலியவற்றுக்கும் பொருந்துவனவாம்.

இத்துறையின் தோற்றத்தை முதற்கண் நோக்குவாம். 1963 ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாண்ட் என்பவர் அமெரிக்காவிலுள்ள மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் தமது கலாநிதிப் பட்ட ஆய்வாக ‘ஸ்கெச்பாட்’ என்னும் நிரலை ஆக்கினார். ஒளிப்பேனாவினாற் கணினித் திரைமீது கோடுகளை அவர் வரைந்தார். மூலப்படம் ஒன்றை அமைத்து, அதன் படிகளைப் பல இடங்களில் வைத்து, மூலத்தைத் திருத்தியவுடன் படிகள் யாவும் தாமே திருந்துமாறு செய்தமை அவர்தம் அருஞ்செயலாகும். பின்னர், 1982 ஆம் ஆண்டில் ஓட்டோடெஸ்க் நிறுவனம் தனியாள் கணினிகளில் இயங்கத்தக்க ஒட்டோகாட்டினை வெளியிட்டது. இந்நிரல்கள் சேமித்து வைப்பது வெறும் ஓவியத்தையன்று. ஒவ்வொரு கோட்டின் இரு முனைகளும் எங்குள்ளன என்னும் எண்களையே அவை சேமிக்கின்றன. இவ்வுண்மையை உணராதார்க்கு நேரும் இடர் யாது என்பதை யான் என் பொருட்செலவிலேயே கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிற்கு ஒரு பகுதி சேர்க்க எண்ணினேன். மேற்கிலிருந்து கிழக்காக மூன்று அறைகள். அவற்றின் உள்ளகலம் முறையே 3600, 3000, 3300 மில்லிமீற்றர். 150 மில்லிமீற்றர் தடிப்புள்ள நான்கு சுவர்களையும் சேர்க்க மொத்த நீளம் 10,500 மில்லிமீற்றர் ஆயிற்று. நடுவறையை 3300 ஆக்கித் தருமாறு வரைஞரை வேண்டினேன். அவரும் மறுநாளே திருத்திய படத்தைத் தந்தார். மேசனார் மேற்கு மூலையிலிருந்து படத்திலுள்ள எண்களின்படி கயிறு கட்டி, அத்திவாரக் கிடங்கும் வெட்டுவித்தார். கிழக்குச் சுவர் எல்லை மதிலை நெருங்குவதைக் கண்ட பின்னரே அவர் என்னை அழைத்து, “மாஸ்டர், அறைக் கணக்கைக் கூட்டினால் மொத்தத்திலை ஓரடி கூட வருகுது” என்றார். நடந்தது இதுவே: வரைஞர் சுவரை நகர்த்தவில்லை. 3000 என்னும் எண்ணை அழித்து, அவ்விடத்தில் 3300 எனத் தட்டெழுதிவிட்டார். வெட்டிய கிடங்கை மூடி வேறிடத்தில் வெட்ட இரண்டு நாட் கூலி வீணாயிற்று. விடைத்தாட் புள்ளிகளை இருமுறை கூட்டிப் பார்க்கும் யான், என் வீட்டு எண்களை ஒருமுறையேனும் கூட்டிப் பார்த்திலேன்.

அதன் பின்னரே இம்மென்பொருளை யான் கற்கத் தலைப்பட்டேன். கற்றபோது வியப்பொன்று கண்டேன். ‘ஸ்ட்ரெட்ச்’ என்னும் கட்டளையை இட்டு, கிழக்குப் பகுதியை வலமிருந்து இடமாக ஒரு சட்டத்தினால் வளைத்து, 300 மில்லிமீற்றர் இழுத்திருப்பின், சுவர், கதவு, சாளரம் யாவும் ஒருங்கே நகர்ந்திருக்கும். அவற்றோடு பிணைக்கப்பட்ட அளவெண்களும் தாமே மாறியிருக்கும். மொத்த நீளம் 10,800 எனத் தோன்ற, மதிலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளி குறைதலும் படத்திலேயே புலப்பட்டிருக்கும். இதற்கு ஒரு நிமிடமும் வேண்டியதில்லை. ஆகவே, குறுக்குவழிகள் இருவகைப்படும் என்பது பெறப்படும். வேலையைச் சுருக்கி உண்மையைக் காப்பது ஒன்று. வேலையை மறைத்து உண்மையைக் கெடுப்பது மற்றொன்று. கணினியைப் பொறுத்தவரை, முன்னையதே பெரும்பாலும் விரைவும் உடைத்து. இனி, அம்முன்னைய வகையைச் சார்ந்த முறைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, அளவு பற்றியது. கணினியில் வரையும்போது பொருளின் உண்மை அளவிலேயே வரைதல் வேண்டும். 3600 மில்லிமீற்றர் சுவரை 3600 என்றே கொடுக்க வேண்டும். சுருக்குதல் அச்சிடும்போது செய்யத்தக்க செயலாகும். தொடங்குமுன் ‘யுனிட்ஸ்’ கட்டளையால் அலகினைத் தீர்மானித்துக் கொள்க. நம் நாட்டில் மேசன் அடியும் அங்குலமும் பேசுவார். படம் மில்லிமீற்றரில் அமையும். உறுதியில் பரப்பும் பேர்ச்சும் காணப்படும். அங்குலத்தில் வரைந்த கதவொன்றை மில்லிமீற்றர்ப் படத்தில் அலகு நோக்காது புகுத்தின், அது 25.4 மடங்கு சிறுத்துத் தோன்றும். அவ்வாறாயின் ‘ஸ்கேல்’ கட்டளையில் அளவறிந்த ஒரு கோட்டினை ஆதாரமாகக் காட்டிச் சரிசெய்யலாம். காணியின் பரப்பளவைச் சோதிக்க விரும்புவோர், 1 பேர்ச் 272.25 சதுர அடி அல்லது ஏறத்தாழ 25.29 சதுர மீற்றர் என்பதையும், 10 பேர்ச் 1 பரப்பு என்பதையும் நினைவிற் கொள்க.

இரண்டாவது, கைப்பழக்கம். வலக்கை சுட்டியிலும் இடக்கை விசைப்பலகையிலும் இருத்தல் நன்று. திரையிலுள்ள சிறுபடங்களைத் தேடிச் செல்லாது, கோட்டிற்கு ‘எல்’, இணைகோட்டிற்கு ‘ஓ’, மூலை பொருத்துதற்கு ‘எஃப்’ என ஓரெழுத்தாற் கட்டளையிடலாம். இறுதியாக இட்ட கட்டளையை மீண்டும் அழைக்க இடைவெளி விசையே போதும். சுவரின் ஒரு முகத்தை வரைந்து, 150 தொலைவில் இணைகோடு எடுப்பின் மறுமுகம் கிடைக்கும். இரு சுவர்கள் கூடும் மூலையில், மூலை பொருத்தும் கட்டளையிற் ‘ஷிப்ட்’ விசையை அழுத்திக்கொண்டு இரண்டாங் கோட்டைத் தொடின், எச்சம் நீங்கிக் கூர்மூலை அமையும். ‘எஃப் 8’ விசை கோட்டினைக் கிடையாகவோ நிலையாகவோ செல்லவைக்கும். ‘எஃப் 3’ விசை முனைகளைப் பற்றிக்கொள்ளச் செய்யும். கண்மதிப்பால் முனைகளைச் சேர்த்தல் ஆகாது. திரையிற் கூடியனபோலத் தோன்றும் கோடுகள், பெருக்கிப் பார்க்குங்கால் விலகி நிற்பதைக் காணலாம். பரப்பளவு காணும்போதும் நிழற்கோடு நிரப்பும்போதும் அவ்விடைவெளி தடையாகும். இடமிருந்து வலமாக வளைக்குஞ் சட்டம் முழுவதும் உள்ளடங்கியவற்றை மட்டுமே தெரிவு செய்யும். வலமிருந்து இடமாக வளைப்பது, தொட்டவை அனைத்தையும் தெரிவு செய்யும். இவ்வேறுபாட்டை அறிந்தார்க்குப் பாதி உழைப்புக் குறையும்.

மூன்றாவது, படைகளின் ஒழுங்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போன்ற அமைப்பினையே படை என்பர். சுவர், கதவு, தளபாடம், மின்னிணைப்பு, அளவெண் ஆகியவற்றைத் தனித்தனிப் படைகளில் வைத்தல் வேண்டும். நிறத்தையும் கோட்டின் தடிப்பையும் படைக்கே வகுக்க. தனிக்கோடுகளுக்கு வகுத்தல் தவறு. அங்ஙனம் செய்தால், மின்னிணைப்பாளருக்குக் கொடுக்கும்போது தளபாடப் படையை ஒரு தொடுகையால் மறைத்துவிடலாம். திரையில் தோன்றும் கோடு அச்சில் வராமை கண்டு மாணாக்கர் மயங்குவதுண்டு. அளவெண்களோடு தானே உருவாகும் ‘டெஃப்பொயின்ட்ஸ்’ என்னும் படை அச்சிற்கு வராத இயல்பினது. அதிலே அறியாது வரைந்தமையே அம்மயக்கத்தின் காரணமாதல் கூடும்.

நான்காவது, மீள வருவனவற்றை ஒருமுறையே வரைதல். கதவு, சாளரம் முதலியவற்றை ‘புளொக்’ ஆக்கி வைத்துக்கொண்டால், வேண்டுமிடமெல்லாம் அவற்றைப் பதிக்கலாம். அவற்றின் உறுப்புக்களை இயல்பான அமைப்போடு ‘0’ என்னும் படையில் வரைவது சிறந்தது; அப்போது அவை பதிக்கப்படும் படையின் நிறத்தைத் தாமே ஏற்கும். 20 சாளரங்களுடைய கட்டடத்தில் ஒரு மூலத்தைத் திருத்தினால் இருபதும் திருந்தும். 1963 இல் சதர்லாண்ட் கண்ட நெறி இதுவே. அவ்வாறே, நிலத்தளப் படத்தை மின்படத்திற்கும் நீர்க்குழாய்ப் படத்திற்கும் ‘எக்ஸ்ரெஃப்’ முறையில் இணைத்தால், சுவர் மாறும்போது மூன்று படங்களைத் தனித்தனியே திருத்தும் தொல்லை இல்லை.

ஐந்தாவது, தாளில் இறக்குதல். வரையும் வெளி வேறு, அச்சிடும் தாள் வேறு. தாளிலே சாளரம்போன்ற ஒரு சட்டம் திறந்து, அதற்கு 1:100 அல்லது 1:50 என அளவுத்திட்டம் கொடுத்து, அதனைப் பூட்டிவிடுக. பூட்டாதுவிடின், சுட்டியின் உருளையை அறியாது சுழற்றிய அளவிலே அளவுத்திட்டம் கெடும். 1:100 இல் 3600 மில்லிமீற்றர் அறை தாளில் 36 மில்லிமீற்றராகும். எழுத்து 2.5 மில்லிமீற்றர் உயரத்தில் அச்சாக வேண்டின், வரையும் வெளியில் அதன் உயரம் 250 ஆதல் வேண்டும்.

இனி, இடையூறுகள் சிலவற்றிற்கு மாற்றுவழி கூறுவாம். நில அளவைப் படங்கள் இலங்கைத் தேசிய ஆள்கூற்று முறையில் அமைந்திருப்பின், யாழ்ப்பாணத்துக் காணியொன்றின் ஆள்கூறுகள் கிழக்கில் 4 இலட்சம், வடக்கில் 7 இலட்சம் மீற்றருக்கு மேற்பட்டனவாகும். அவற்றை மில்லிமீற்றரில் வைத்தால் ஒன்பது இலக்கங்கள் வரும். தொடக்கப் புள்ளியிலிருந்து அத்துணைத் தொலைவில் வரையின் நிழற்கோடுகள் சிதைதலும் கோடுகள் நடுங்குதலும் உண்டு. வீட்டுப் படத்தைத் தொடக்கப் புள்ளிக்கு அண்மையில் வரைந்து, எல்லைக்கல் ஒன்றின் ஆள்கூற்றினைப் படத்திலேயே குறித்துவைத்தல் தக்க வழியாகும். கோப்புப் பருத்து மந்தமாயின் ‘பேர்ஜ்’ கட்டளை பயன்படாதவற்றை நீக்கும். ‘ஓவர்கில்’ ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் கோடுகளைக் களையும். பழுதுற்ற கோப்பினை ‘ஓடிட்’, ‘ரிக்கவர்’ ஆகியவற்றால் திருத்த முயலலாம். அதுவும் பயன்தராவிடின், அருகிலிருக்கும் ‘பாக்’ என்னும் விகுதியுடைய காப்புப் பிரதிக்கு ‘டிடபிள்யூஜி’ என விகுதி மாற்றித் திறக்கலாம். இறுதிச் சேமிப்புக்கு முந்திய நிலை அதிற் கிடைக்கும். தமிழெழுத்துக்கள் வினாக்குறிகளாகத் தோன்றின், எழுத்துப்பாணியை யூனிகோட் தமிழ் எழுத்துருவிற்கு மாற்றுக. பிறர்க்கு அனுப்பும்போது பிடிஎஃப் பிரதியொன்றையும் உடனனுப்பின், அவர் கணினியில் அவ்வெழுத்துரு இல்லாவிடினும் படம் கெடாது.

ஈற்றிற் கூறப்படினும் முதன்மை வாய்ந்தது அளவெண் பற்றிய விதியாகும். அளவெண்ணின் மீது ஒருபோதும் கையால் எண் எழுதற்க. பிறர் வரைந்த படத்தைப் பெறும்போது, ஐயமுள்ள அளவெண்ணின் பண்புப் பலகையைத் திறந்து, மேலெழுதிய எண் உளதாயின் அதனை அழித்துவிடுக. உண்மை அளவு தானே மீளும். பின்னர் அறை அகலங்களையும் சுவர்த் தடிப்புக்களையும் கூட்டி மொத்தத்தோடு ஒப்புநோக்குக. இதற்குக் கணினியும் வேண்டா. ஒரு துண்டுத்தாளும் பென்சிலுமே போதும்.

2013 ஆம் ஆண்டில் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டதிலிருந்து, நம் மாணாக்கருட் பலர் கட்டட நிருமாணத் துறையை நாடுகின்றனர். அவர்கள் வரையும் கோடுகளை நம்பி ஏழைக் குடும்பங்கள் தம் வாழ்நாட் சேமிப்பைச் செலவிடும். வீட்டுக்காரருக்கு மென்பொருள் தெரியாது. மேசனார் படத்தின் எண்ணையே நம்புவார். அந்நம்பிக்கைக்குப் பொறுப்பானவர் வரைபவரே. விரைவைக் கற்பிக்கும் ஆசிரியர், எண்ணைத் திருத்த வேண்டின் சுவரைத் திருத்துக என்னும் இவ்வொரு பாடத்தையும் உடன் கற்பிப்பாராயின், பல வீடுகளின் அத்திவாரங்கள் இருமுறை வெட்டப்படா.