மூதாட்டியர் கால் வலுவும் இயற்பியலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

எழுந்து நிற்பது எத்துணைப் பெரிய செயல் என்று நம்மில் எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? பேராசிரியர் வகுப்பறைக்குள் நுழைந்ததும் எழுகிறோம். அமரச் சொன்னதும் அமர்கிறோம். ஒரு நாளில் ஐம்பது முறை எழுந்தாலும் நமக்கு அது ஒரு வேலையாகவே தோன்றுவதில்லை. ஆனால் எழுபது வயதுப் பெண்ணொருவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் சுவரைப் பற்றி, "முருகா" என்று சொல்லிக்கொண்டு எழுகின்றாரே, அவ்வேளையில் அவர் உடலில் நடப்பது நம் விசையியல் பாடத்தில் உள்ள கணக்கேயாகும். அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கலைப்பிரிவு நண்பர்கள் அஞ்ச வேண்டாம். சூத்திரம் எதுவும் எழுதப் போவதில்லை.

நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவரின் ஈர்ப்பு மையம் நாற்காலியின் மேல் இருக்கிறது. நிற்பதற்கு அது பாதங்களின் மேல் வந்தாக வேண்டும். ஆகவேதான் எவரும் முதலில் உடலை முன்னால் சாய்த்த பிறகே எழ முடிகிறது. முதுகை நேராக வைத்து, கால்களை முன்னே நீட்டிக்கொண்டு எழ முயன்று பாருங்கள். கல்லூரிக் கபடி வீரராலும் முடியாது. அடுத்து முழங்கால். தொடை தரைக்கு இணையாகக் கிடக்கும்போது முழங்காலுக்கும் உடல் எடை செயல்படும் கோட்டிற்கும் உள்ள தொலைவு மிகுதி. தொலைவு மிகுந்தால் திருப்புத்திறனும் மிகும். அதனை வென்று உடலை உயர்த்தும் பொறுப்பு தொடையின் முன்பக்கத் தசைகளுடையது. இருக்கை உயர உயர இந்தச் சுமை குறைகிறது. நம் முன்னோர் வீட்டு வாசலில் கட்டிய திண்ணையின் உயரத்தைக் கவனித்தால், வயதானவர் சிரமமின்றி எழக்கூடிய உயரமாகவே அது இருப்பது புலப்படும். இப்பொழுது கட்டும் வீடுகளில் திண்ணை இல்லை. வாசலில் தாழ்ந்த பிளாஸ்டிக் முக்காலிதான் கிடக்கிறது.

நடப்பது இதனினும் நுட்பமானது. நடை என்பது ஒற்றைக் காலில் நிற்பதை மாறி மாறிச் செய்வதே. ஒரு கால் தரையில் இருக்க, மறு கால் காற்றில் முன்னே செல்கிறது. அவ்வாறு செல்லும் பாதத்தின் முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு தெரியுமா? 1 முதல் 2 சென்டிமீட்டர்தான்! கணுக்காலை மேலே தூக்கும் தசை சற்றே தளர்ந்தாலும் அந்த இடைவெளி போய்விடுகிறது. நிலைப்படியும், மடிந்து கிடக்கும் சாக்கும், முற்றத்தில் துருத்தி நிற்கும் ஒரு செங்கல்லும் மூதாட்டிக்குப் பகையாவது இதனால்தான்.

ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில் இடுப்பில் நடப்பது ஒரு நெம்புகோல் கணக்கு. உடலின் எடை ஒரு பக்கம் இழுக்கிறது. இடுப்பின் வெளிப்புறத் தசை மறுபக்கம் இழுத்து இடுப்பை மட்டமாக வைத்திருக்கிறது. தசைக்குக் கிடைத்துள்ள கையோ மிகக் குட்டையானது. எடையின் கையில் ஏறத்தாழப் பாதி. ஆதலால் அது எடையைப் போல் இரு மடங்கு விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. மொத்தத்தில் இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்குச் சுமை ஏறுகிறது. அத்தசை தளர்ந்தவர்கள் பக்கவாட்டில் ஆடி ஆடி நடப்பதை நம் ஊர்ச் சந்தைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அதை மூட்டுவலி என்று மட்டும் நினைத்துவிடுகிறோம்.

சரி, கால் தடுக்கிவிட்டது. பிறகு? உடல் தரையை எட்ட ஒரு விநாடிகூட ஆவதில்லை. அந்த அரை நொடி, முக்கால் நொடிக்குள் மறு காலை வேகமாக முன்னே வீசி ஊன்றினால் தப்பலாம். இங்கு வேண்டுவது வெறும் விசை அன்று, திறன். விசையை எவ்வளவு வேகத்தில் செலுத்துகிறோம் என்பதே திறன் என்று முதலாண்டிலேயே படித்தோம். நம் தசைகளில் மெதுவாகச் சுருங்கும் இழைகளும் உண்டு, விரைவாகச் சுருங்கும் இழைகளும் உண்டு. முதுமையில் பெரிதும் மெலிந்துபோவது விரைவு இழைகளே. அதனால்தான் நாள் முழுதும் மெல்ல மெல்ல வேலை செய்யக்கூடிய ஒரு பாட்டி, ஒரு கணத் தடுக்கலில் விழுந்துவிடுகிறார். "நல்லாத்தானே நடமாடிக்கிட்டு இருந்தாக" என்று விழுந்த பிறகு எல்லோரும் சொல்வார்கள். அது பொய்யன்று.

தசை மெலிவுக்கு அறிவியலார் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டுள்ளனர். கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்றால் சதை, 'பீனியா' என்றால் குறைவு. அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பெர்க் 1980களின் இறுதியில் இச்சொல்லைப் படைத்தார். அதற்கு முன் இதற்கு ஒரு பெயர்கூட இல்லை. 'வயசாயிருச்சு' என்பதோடு சரி. எழுபத்தைந்து வயதளவில் பெண்களுக்குத் தசையின் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.7 விழுக்காடு குறைகிறது; ஆனால் வலுவோ 2.5 முதல் 3 விழுக்காடு வரை குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்தோர் கூறுவர். இது கருதத்தக்கது. காலின் பருமனைப் பார்த்து அதன் வலுவை மதிப்பிட முடியாது.

பெண்களுக்கு ஏன் இந்த இன்னல் கூடுதல்? தொடக்கத்திலேயே ஆண்களைவிட அவர்களுக்குத் தசை குறைவு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைய, எலும்பும் விரைந்து தேய்கிறது. எனவே விழுதலும் மிகுதி, விழுந்தால் முறிதலும் மிகுதி. இவற்றோடு நான் சேர்க்க விரும்பும் ஒன்று உண்டு. வீட்டில் எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்ணும் பழக்கம் நம் பாட்டிமார்களுக்கு. பருப்பும் முட்டையும் மீனும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். சோறும் ரசமும் அவர்களுக்கு. நாற்பது ஆண்டுகள் இப்படி உண்டால் தசை எதனால் உருவாகும்?

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பின்படி 65 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் ஆண்டுதோறும் ஒரு முறையேனும் விழுகின்றனர். உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக அந்நிறுவனம் 2021இல் தெரிவித்தது. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி மழைநாளில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அவருடைய மகள் கூலி வேலையை விட்டுவிட்டு ஓராண்டு அவருக்கு எல்லாம் செய்தார். அந்த ஆண்டு அவ்வீட்டில் வட்டிக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. விழுந்தவர் ஒருவர், எழ முடியாமற் போனவர்களோ மூவர்.

நம் மாவட்டத்து மூதாட்டியரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. 1991ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய மாவட்ட ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் இணைத்தார். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். குடுமியான்மலைக் கல் குவாரிகளில் உழைத்த பெண்களும் அவர்களுள் அடங்குவர். பெண்கள் சைக்கிள் போதவில்லை. குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளிலேயே பலரும் பழகினர். அந்தப் பெண்களுக்கு இப்பொழுது என்ன வயது? அறுபது, எழுபது! என் அப்பத்தா அவர்களுள் ஒருவர். கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு, முன்னால் என் அத்தையை உட்கார வைத்து ஓட்டியவர். எழுபதை நெருங்கும் அவர் இப்பொழுது நிலைப்படியைத் தாண்டும் முன் கதவைத் தேடிப் பிடிக்கிறார்.

சைக்கிள் மிதித்த கால்கள் ஏன் தளர்ந்தன? தசை, வங்கியில் போட்டு வைக்கும் நிரந்தர வைப்புநிதி போன்றதன்று. உழைப்பு நின்ற நாளிலிருந்து குறையத் தொடங்கிவிடும். பத்து நாள் காய்ச்சலில் படுத்தால் முதியவர் இழக்கும் வலுவை மீட்கப் பல வாரம் ஆகும். அம்மி போய் மிக்ஸி வந்தது, ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது, ஊருணிக்குப் போவது போய்த் தெருக்குழாய் வந்தது. இவை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. உரல் இடித்தே ஒடிந்த முதுகுகள் எங்கள் குடும்பத்தில் உண்டு. அந்த வேலைகளோடு சேர்ந்து குந்துவதும் எழுவதும் போய்விட்டன என்பதே நான் சுட்டுவது. ஒன்று மட்டும் எஞ்சி நிற்கிறது: தரையில் அமர்ந்து எழுவது. பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோ குழுவினர் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்து, கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒரு மதிப்பெண் குறைத்து, பத்துக்குக் கணக்கிட்டனர். குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே பின்வந்த ஆண்டுகளில் இறப்பு மிகுந்திருந்தது என்று 2012இல் வெளியிட்டனர்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளும் உள்ளன. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை என்று ஆசிய நாட்டு அறிஞர் குழு 2019இல் வரையறுத்தது. நடை வேகம் விநாடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்தாலும், பெண்களின் கைப்பிடி வலு 18 கிலோகிராமுக்குக் குறைந்தாலும் அவ்வாறே. அப்பத்தாவை எழுந்து அமரச் சொன்னேன். "ஏத்தா, நான் பள்ளிக்கூடம் போகாததுக்கு இப்பத்தான் தண்டனை குடுக்கிறியா?" என்றார். 17 விநாடி ஆயிற்று.

முதுமையில் தசை திரும்ப வளருமா? வளரும் என்பதே இத்துறையில் என்னைப் பெரிதும் வியக்க வைத்த செய்தி. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாடரோன் என்னும் மருத்துவர், சராசரி வயது 90 கொண்ட பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சியை எட்டு வாரம் அளித்தார். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது! வலு கூடினால் விழுவது குறையுமா என்பதற்கு நியூசிலாந்தின் டனடின் நகரில் விடை கிடைத்தது. ஜான் கேம்பெல், கிளேர் ராபர்ட்சன் குழுவினர் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வீட்டிலேயே செய்யும் வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. ஓராண்டில் பயிற்சி பெறாதோர் 152 முறை விழுந்தனர். பெற்றோர் 88 முறையே விழுந்தனர். 1997இல் இம்முடிவு வெளியாயிற்று. பெரிய கருவிகள் ஏதும் இல்லை. கணுக்காலில் சிறு எடை கட்டிக் காலை நீட்டுதல், பக்கவாட்டில் காலைத் தூக்குதல், குதிகாலை உயர்த்தி நிற்றல், ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நிற்றல், நாற்காலியிலிருந்து எழுதல், இவற்றோடு நடை. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம்.

பழைய துணியில் அரைக் கிலோ மணலைத் தைத்து அப்பத்தாவின் கணுக்காலுக்குப் பட்டை செய்தேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அவர் குதிகாலை உயர்த்துகிறார். மூன்று மாதத்தில் 17 விநாடி 14 ஆகியுள்ளது. 12ஐ இன்னும் தொடவில்லை. எடை ஒரே அளவில் நின்றால் வலுவும் அங்கேயே நின்றுவிடும். பழகப் பழக மணலைக் கூட்ட வேண்டும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியை வீட்டிற்கே வந்து அளிப்பதும் ஒரு பகுதியாக அமைந்தது என்பதைப் பலர் அறியார்; சர்க்கரை மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்கின்றனர்.

பயிற்சி மட்டும் போதாது. தசைக்குப் புரதம் வேண்டும். முதியோர் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் உண்ணலாம் என்பர். சிறுநீரக நோயுள்ளவர்க்கு இது பொருந்தாது. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஆலங்குடிப் பக்கம் விளையும் நிலக்கடலையில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் உள்ளது. உளுந்திலும் ஏறத்தாழ அவ்வளவே. பெண் பருவமடைந்தால் உளுந்தங்களி கிண்டித் தரும் நாம், எழுபது வயதில் ஏன் கிண்டித் தருவதில்லை?

இரவில் சிறுநீர் கழிக்க எழும்போதே பலர் விழுகின்றனர். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இரத்தக் கொதிப்புக்கும் தூக்கத்திற்கும் மாத்திரை உண்பவர்க்கு இது மிகுதி. சற்று நேரம் கட்டிலில் உட்கார்ந்து பின் எழ வேண்டும். கொல்லைக்குச் செல்லும் வழியில் ஒரு விளக்கு வேண்டும்.

கடைசியாகக் கைத்தடி. வலப்பக்க இடுப்போ முழங்காலோ வலித்தால் தடியை வலக்கையில் பிடிப்பவர்களே எங்கள் ஊரில் மிகுதி. நெம்புகோல் கணக்கின்படி அது தவறு. இடக்கையில் பிடித்தால் தடிக்கும் வலது இடுப்பு மூட்டுக்கும் உள்ள தொலைவு பெரிது. சிறு விசையால் ஊன்றினாலே தளர்ந்த தசையின் பாரம் பெரிதும் குறையும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரமே தடியின் உயரம். அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் சிமெண்டுத் தரையில் வழுக்கும். அந்த ரப்பரை மட்டும் தனியே வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.