கறுப்பு நிலத்தில் ஒரு பித்தளைக் கொடி

சில வீட்டு அலுமாரிகளில் பூவேலை செய்த பித்தளைத் தட்டொன்றைக் கண்டிருப்பீர்கள். கறுப்பு நிலத்தில் பொன்னிறக் கொடி சுருண்டு ஓடும். அந்தக் கறுப்பைப் பெயின்ட் என்றே பலர் நினைக்கின்றனர். அது அரக்கு.

இவ்வேலைக்குப் பெயர்போன இடம் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில், ராம்கங்கை ஆற்றோரம் உள்ள முராதாபாத். பேரரசர் ஷாஜஹானின் மகன் முராதின் பெயரைத் தாங்கிய நகர் அது. அங்குள்ள கைவினைஞர்களில் முஸ்லிம்கள் ஏராளம். செதுக்கு வேலையை ‘நக்காஷி’ என்பர். கறுப்பு நிலம் வைக்கும் முறை ‘சியாஹ் கலம்’. பாரசீகத்தில் சியாஹ் என்றால் கறுப்பு.

இதில் கொடியைச் சுற்றியுள்ள நிலத்தையே உளியால் தட்டிப் பள்ளமாக்குகிறார்கள். பின்னர் பாத்திரத்தைச் சூடாக்கிக் கறுப்பு அரக்கைத் தேய்க்க, அது உருகிப் பள்ளத்தில் நிறைகிறது. ஆறியபின் மேலே படிந்ததைத் தேய்த்தெடுத்தால் கொடி மாத்திரம் பளபளக்கும்.

ஆகவே வரையும்போதே நிலத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். வெட்டிய பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாதல்லவா! மருதோண்டி போடும் சகோதரிகளுக்கு இது இலேசாக விளங்கும். கையில் கோலம் சிவக்கும், இடைவெளி வெளிறியிருக்கும், இங்கே நேர்மாறு.

முதலில் தட்டின் விளிம்பைச் சம பங்குகளாகப் பிரித்து, அலைபோல ஒரு தண்டு வரைய வேண்டும். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு சுருள். இலைகள் தண்டு ஓடும் திசையிலேயே பிரிய வேண்டும். எதிர்த்துத் திரும்பினால் ஒட்டவைத்தது போலிருக்கும். தண்டை ஒற்றைக் கோடாக வரைவதும் சரிவராது. சுற்றிலும் வெட்டிய பிறகு எஞ்சி நிற்க அதற்குத் தடிப்பு வேண்டும்.

மிகவும் கஷ்டமானது இடைவெளிதான். கூடினால் அந்த இடம் வெறும் கறுப்புத் திட்டாகத் தெரியும். குறைந்தால் உளி நுழையாது. கடதாசியில் வரைந்து, நிலத்தை மையால் கறுப்பாக்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். கறுப்பு எங்கும் ஒரே அளவாகப் பரவியிருந்தால் கோலம் தேறிவிட்டது. எங்காவது திட்டுத் தெரிந்தால் அங்கே ஒரு மொட்டையோ சிறு இலையையோ நீட்டலாம். விளிம்பு நிறையக் கொடியோடி, நடுப்பகுதி வெறுமையாய் மின்னும் தட்டுகளே அழகு என்பது என் எண்ணம்.

இப்படியொரு தட்டு உங்களிடம் இருந்தால் கொதிநீரில் கழுவவோ அடுப்பருகே வைக்கவோ வேண்டாம், அரக்கு இளகிவிடும். தும்பால் உரஞ்சவும் வேண்டாம். மெல்லிய துணி போதும்.