பல் எடுத்த குழி ஆறாவிட்டால்…

பல் பிடுங்கிக்கொள்வது நம் வயதுக்காரர்களுக்குப் பழகிப்போன சமாசாரம். மூன்று நான்கு வாரத்தில் ஈறு மூடிக்கொள்ளும். உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் பிடிக்கும். இரண்டு மூன்று நாளில் குழியிலுள்ள ரத்தக்கட்டி கலைந்து, வலி உயிரை வாங்குவதும் உண்டு. மருந்து வைத்தால் அது சில நாளில் அடங்கிவிடும். நான் சொல்ல வந்தது, வாரக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் குழியைப் பற்றி.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் புனே பட்ட பாட்டை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பின்னாலேயே வந்தது கறுப்புப் பூஞ்சை. ஜூன் முடிவதற்குள் நாட்டில் 40,000 பேருக்கு மேல் கண்டறியப்பட்டது. அதிகம் பாதிக்கப்பட்ட மாநிலங்களில் மகாராஷ்டிரமும் ஒன்று. மூக்கு, கண் என்றுதான் பேப்பரில் படித்தோம். மேல்தாடையைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

என் மைத்துனருக்கு அங்கேதான் வந்தது. இருபது வருஷச் சர்க்கரை. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்ததில் அது 400-ஐத் தாண்டியது. வீடு திரும்பி ஒரு மாதம் கழித்துக் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடின, எடுத்தார்கள். ஐந்து வாரமாகியும் குழி மூடவில்லை. வலி அதிகமில்லை, சீழும் நாற்றமும்தான். உள்ளே எலும்பு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. "வயசாச்சு, மெல்லத்தான் ஆறும்" என்றார் அவர். என் தங்கை கேட்கவில்லை. தாடை அறுவை நிபுணரிடம் அழைத்துப் போனாள். சி.டி. ஸ்கேனும் பயாப்சியும் விஷயத்தைச் சொல்லிவிட்டன.

இந்தப் பூஞ்சை ரத்தக் குழாய்க்குள் வளர்ந்து அதை அடைத்துவிடும். ரத்தம் போகாத எலும்பு செத்துவிடும். செத்த எலும்புக்கு மருந்தும் போய்ச் சேராது, அதனால்தான் கத்தி. எவ்வளவு தூரம் வெட்டுவீர்கள் என்று சர்ஜனைக் கேட்டேன். "ரத்தம் கசியும் எலும்பு தென்படும்வரை" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது. தண்டவாளம் மேலே பளபளவென்று இருந்தாலும், அல்ட்ராசானிக் கருவி உள்ளே விரிசல் காட்டினால் அந்தத் துண்டையே அறுத்தெடுத்து, வேறு துண்டு வைத்து வெல்டு செய்வோம். வாயில் உடனே புதுத் துண்டு வைக்க முடியாது, அவ்வளவுதான்.

நான்கு மணி நேர ஆபரேஷன். முகத்தில் கீறலில்லை, எல்லாம் வாய்வழியே. வலப்பக்க மேல்தாடை போயிற்று. பிறகு வாரக்கணக்கில் ஆம்போடெரிசின் ஊசி. அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அப்புறம் மாதக்கணக்கில் போசகொனசோல் மாத்திரை.

அங்கே காத்திருக்கையில் ஒரு மராத்தி ஆஜியைச் சந்தித்தேன். அவருக்குப் பூஞ்சையுமில்லை, சர்க்கரையுமில்லை. எலும்புத் தேய்மானத்துக்கு வருஷா வருஷம் சோலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டவர். பல் எடுத்தபின் கீழ்த்தாடை எலும்பு வெளியே தெரிந்தபடியே நின்றுவிட்டது. இந்தத் தொடர்பை 2003-ல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்க டாக்டர் ராபர்ட் மார்க்ஸ். தேய்மானத்துக்குப் போடுபவர்களுக்கு இது அபூர்வம். புற்றுநோய்க்காக அதிக அளவில் போடுபவர்களுக்கே கூடுதல். தாடைக்கு ரேடியேஷன் எடுத்தவர்களுக்கும் வருவதுண்டு. ஆஜிக்குச் செத்த சில்லை மட்டும் எடுத்து ஈறைத் தைத்தார்கள். இம்மாதிரி ஊசி, மாத்திரை எடுப்பவர்கள் பல் பிடுங்குமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தாமாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

மைத்துனருக்கு அண்ணத்தில் ஓட்டை விழுந்ததால், ரசம் குடித்தால் மூக்கு வழியே வந்தது, பேச்சும் குழறிற்று. அக்ரிலிக் தட்டு ஒன்று செய்து ஓட்டையை மூடினார்கள். இரண்டு வருஷம் பூஞ்சை தலைகாட்டாததால், கன்ன எலும்பில் நீளத் திருகுகள் பொருத்தி அவற்றின்மேல் பல் கட்டினார்கள். முறுக்கு மட்டும் இன்னும் காப்பியில் ஊறவைத்துத்தான்.