எழுத்துக் குடும்பத்தின் கடைக்குட்டி... போல்டு இட்டாலிக்!

கம்ப்யூட்டரில் இருக்கும் பல ஃபான்ட்டுகளுக்கு நான்கு பிள்ளைகள். ரெகுலர், போல்டு, இட்டாலிக், போல்டு இட்டாலிக். முதல் மூன்றும் எல்லோருக்கும் பழக்கம். தடித்தும் சாய்ந்தும் நிற்கும் நான்காவதைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை.

அண்ணன்கள் வந்த கதை

சாய்வெழுத்துக்கு வயது 500-க்கும் மேல். வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸ், 1501-ல் ரோமானியக் கவி வெர்ஜிலின் படைப்புகளைக் கையடக்கப் புத்தகமாகப் போட்டார். அன்றைய அறிஞர்களின் கையெழுத்தைப் பார்த்து அதற்கு எழுத்து வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. முழுப் புத்தகமும் சாய்வெழுத்துதான்!

ஒரு பக்கத்தில் சில சொற்களை மட்டும் தூக்கிக் காட்டும் தடித்த எழுத்து வந்தது வெகு காலம் கழித்து. லண்டனில் 1845-ல் வெளியான ‘கிளாரண்டன்’ அதில் பெயர் பெற்றது.

திரையில் வந்த சிக்கல்

எழுத்தின் முனைகளில் குட்டிப் பாதம் போல இருக்கும் கோட்டுக்கு ‘செரிஃப்’ என்று பெயர். பாதம், தடிமன், சாய்வு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் பழைய கம்ப்யூட்டர் திரைக்குத் திண்டாட்டம். அதன் புள்ளிகள் பெரியவை. சாய்வுக் கோடு படிக்கட்டு மாதிரி உடையும். தடித்தால் எழுத்தின் உள்ளே இருக்கும் இடைவெளி அடைபடும்.

மைக்ரோசாஃப்ட்டுக்காக மேத்யூ கார்ட்டர் உருவாக்கிய ‘ஜார்ஜியா’ 1996-ல் வெளிவந்தது. அவர் முதலில் கோட்டை வரையவில்லை. திரையில் எந்தப் புள்ளி கறுக்க வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப எழுத்தின் உருவத்தை வரைந்தார். அதனால்தான் சிறிய அளவிலும் ஜார்ஜியாவைத் தெளிவாகப் படிக்க முடிகிறது.

அசலா, போலியா?

ஃபான்ட்டில் போல்டு இட்டாலிக் இல்லையென்றால், சாஃப்ட்வேர் போல்டு எழுத்தையே சாய்த்துக் காட்டிவிடும். ஜார்ஜியாவில் ஆங்கிலச் சிறிய ‘ஏ’யைப் பாருங்கள். நேர் எழுத்தில் அதன் தலைக்கு மேல் ஒரு கொக்கி இருக்கும். அசல் இட்டாலிக்கில் கொக்கி இருக்காது. கையால் எழுதியது போல ஒற்றை வட்டமாக இருக்கும்.

எங்கே பயன்படும்?

ஆங்கிலத்தில் புத்தகப் பெயரையும், தாவரங்களின் அறிவியல் பெயரையும் சாய்வாக அச்சிடுவது வழக்கம். அந்தப் பெயர் தடித்த தலைப்புக்குள் வந்தால்? அங்கே போல்டு இட்டாலிக்தான் கைகொடுக்கும். அழைப்பிதழில் ஒரு பெயர், கட்டுரை நடுவே ஒரு மேற்கோள் என்றாலும் அழகுதான். பத்தி முழுக்கப் போட்டால் கண் சோர்ந்துவிடும். எது முக்கியம் என்றும் தெரியாது.

வாட்ஸ்அப்பிலும் இது உண்டு. சொல்லின் இரு பக்கமும் அடிக்கோட்டுக் குறி, அதற்கு வெளியே இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டு அனுப்பிப் பாருங்கள். ‘நாளை காலை 6 மணிக்கு ரயில்’ என்ற மெசேஜில் அந்த ‘6 மணி’க்கு மட்டும் போட்டால் போதும். யாரும் ரயிலைத் தவறவிட மாட்டார்கள்!