பாக்கு என்பதில் பாதி

மயிலாடும்பாறைத் தம்பி ஒருவர் தாய்லாந்துக்குச் சமையல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். புக்கெட் தீவில் ஓர் இந்திய உணவகம். ‘வயசு முப்பதைத் தாண்டிருச்சுண்ணே, இனிமே அந்தப் பாஷை நாக்குல ஏறுமா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். பயிற்சி வகுப்பொன்றில் கொடுத்த தாளின் நகலையும் இணைத்திருக்கிறார். எண்கள், காய்கறிப் பெயர்கள், வணக்கம், நன்றி எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. முழுதும் மனப்பாடம் செய்துவிட்டாராம்.

ஏறும் தம்பி, நன்றாகவே ஏறும். அந்தத் தாளை மட்டும் மடித்து உள்ளே வைத்துவிடுங்கள்.

வயதைப் பற்றிய பயம் நம் ஊர்க்காரருக்குத் தேவையில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டு வாசலுக்கு வந்ததும் தமிழுக்கு மாறுகிறவர்கள் எத்தனையோ பேர். விடியுமுன் ஜீப்பேறிக் குமுளி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களைக் கேளுங்கள். கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகு மலையாளம் கற்றவர்கள் அவர்களில் உண்டு. ஒருவரும் புத்தகம் வைத்துப் படிக்கவில்லை. மலையாளம் நமக்குச் சொந்தக்கார மொழி, தாய்லாந்து மொழியோ எந்த உறவும் இல்லாதது, அது உண்மைதான். உறவு இல்லாவிட்டாலும் வாய்ப் பழக்கத்தில் நமக்கும் அவர்களுக்கும் வியக்கத்தக்க ஒற்றுமை இருக்கிறது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தாய்லாந்து மொழிக்கு 44 வாரம், சுமார் 1100 வகுப்பு மணி. தமிழுக்கும் அதே கணக்குதான். இது ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்குப் போட்ட கணக்கு. அவர் தடுக்கி விழும் இடங்கள் பலவற்றில் நாம் நிற்காமல் நடந்து போய்விடுவோம்.

முதலில் குறில், நெடில். தாய்லாந்து மொழியில் உயிரொலியின் நீளம் மாறினால் பொருள் மாறும். படு, பாடு என்று வளர்ந்த நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அடுத்து நம் க, த, ப. ஆங்கிலேயர் ‘ப’ என்று சொல்லைத் தொடங்கினால் கூடவே ஒரு மூச்சுக்காற்று வெளிவரும். தாய்லாந்துக்காரருக்கு மூச்சில்லாத ‘ப’ வேறு, மூச்சுள்ள ‘ப்ஹ’ வேறு. மூச்சில்லாததற்காக ஆங்கிலேயர் மாதக்கணக்கில் திணறுவார். நமக்கு அது பிறவியிலேயே வந்தது. மூன்றாவது ‘ங’. ஒன்றாம் வகுப்பில் ங, ஙா, ஙி, ஙீ என்று ஒப்பித்தோமே, அந்த வரிசையில் எந்த எழுத்தையும் வைத்து நாம் அன்றாடம் ஒரு சொல்லைத் தொடங்கியதில்லை. பாங்காக்கில் அது முழுதும் புழக்கத்தில் இருக்கிறது. வேலைக்கு ‘ஙான்’, பாம்புக்கு ‘ஙூ’.

நான்காவதைத்தான் நான் மிகவும் ரசித்துச் சொல்வேன். ‘உப்பு’ என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள், உதட்டைக் கவனித்துக்கொண்டு. முதல் உகரத்தில் உதடு குவிகிறது. கடைசி உகரத்தில் குவிவதில்லை, தளர்ந்து கிடக்கிறது. எழுத்தில் இரண்டும் உகரம்தான், வாயில் இரண்டும் வேறு வேறு ஒலி. அந்தக் கடைசி ஒலிதான் குற்றியலுகரம். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் கடைசி இயல் முழுவதையும் அது பிற சொற்களோடு புணர்வதற்கே ஒதுக்கியிருக்கிறது. தாய்லாந்து மொழியில் இதே குவியாத உகரம் தனி உயிரெழுத்து, குறிலும் நெடிலுமாக. கைக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘மூ’, ஆனால் உதடு குவியக் கூடாது. உதட்டைக் குவித்து, குரலைக் கீழிருந்து மேலே ஏற்றினால் பன்றியாகிவிடும். ஐரோப்பியர் இந்த ஒலிக்காகக் கண்ணாடி முன் நின்று பல்லைக் காட்டிப் பழகுவார்கள். நீங்கள் ‘உப்பு’ என்று சொல்லி, அந்தக் கடைசி ஒலியைக் கொஞ்சம் நீட்டினால் போதும், கிட்டத்தட்ட வந்துவிடும்.

நம் பள்ளிகளில் குற்றியலுகரத்தின் ஆறு வகைகளை ஒப்பிக்கச் சொல்கிறோம். நெடில்தொடர், ஆய்தத்தொடர், உயிர்த்தொடர் என்று பிள்ளைகளும் மதிப்பெண்ணுக்கு ஒப்பிக்கிறார்கள். உன் உதடு இப்போது எப்படி இருக்கிறது பார் என்று ஒரு பிள்ளையைக்கூடக் கேட்பதில்லை. நாக்கும் உதடும் பல்லும் எங்கே தொடுகின்றன என்று பிறப்பியலில் அத்தனை நுட்பமாகச் சொன்ன இலக்கணம் நம்முடையது. அதை வாயிலிருந்து பிடுங்கித் தேர்வுத் தாளில் நட்டுவிட்டோம் என்பதில் எனக்கு நிரந்தர வருத்தம் உண்டு.

இப்போது அந்த ஆங்கிலத் தாளுக்கு வருவோம். தாய்லாந்து அரசே ஊர்ப்பெயர்ப் பலகைகளுக்காக வைத்திருக்கும் ஆங்கில எழுத்து முறையில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ராகக் குறியும் கிடையாது. பெயர்ப்பலகைக்கு அது போதும். பேசக் கற்பவருக்குப் போதாது. குறிலும் நெடிலும் கைவசம் உள்ளவர் அவற்றை அழித்துவிட்ட எழுத்தில் போய்ப் படித்தால் கையிலிருந்ததையும் தொலைத்துவிடுவார். தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். நான் பாங்காக்கில் சிலோம் சாலைப் பக்கம் ரத்தினக் கடை ஒன்றில் கணக்கெழுதிய காலத்தில் வைத்திருந்த நோட்டு இன்னும் இருக்கிறது. இடப்பக்கம் தாய்லாந்து எழுத்து, வலப்பக்கம் தமிழ், தமிழுக்கு மேலே ராகத்துக்கு ஓர் அம்புக்குறி, மூச்சுள்ள எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. வேறெதுவும் தேவைப்படவில்லை.

நம்மிடம் இல்லாதவை மூன்று. மூச்சு ஒன்று. ‘பா’ என்றால் பெரியம்மா வயதுப் பெண்மணி, அதே ராகத்தில் ‘ப்ஹா’ என்றால் துணி. மெல்லிய தாள் துண்டை உதட்டுக்கு முன் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். முதலாவதில் தாள் அசையக் கூடாது, இரண்டாவதில் துள்ள வேண்டும். இரண்டாவது, சொல்லின் கடைசியில் வரும் வல்லினம். நாம் பஸ் என்பதை பஸ்ஸு ஆக்குகிறவர்கள். தாய்லாந்தில் க், த், ப் என்று சொல் முடிந்தால் காற்றை வெளியே விடாமல் அப்படியே நிறுத்திவிட வேண்டும். அதுவும் நமக்குப் பாதி தெரியும். ‘பாக்கு’ என்று தொடங்கி, முதல் ககர மெய்யில் வாய் அடைபட்டதும் நின்றுவிடுங்கள். குரலைச் சற்றுத் தாழ்த்தியிருந்தால், தாய்லாந்து மொழியில் வாய் என்பதற்கான சொல்லைச் சொல்லியிருக்கிறீர்கள்.

மூன்றாவதுதான் எல்லோரும் பயப்படும் ராகம். ஐந்து ராகங்கள். சமம், தாழ்வு, மேலிருந்து இறங்குவது, உயரம், கீழிருந்து ஏறுவது. குரல் நாண்களை இழுத்தால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும், இதற்கு மேல் கருவி ஏதுமில்லை. சமமாகச் ‘க்லை’ என்றால் தூரம். மேலிருந்து இறக்கிச் ‘க்லை’ என்றால் பக்கம். வழி கேட்கிறவருக்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் வேறு என்ன இருக்க முடியும்?

நம்மிடமும் ராகம் இருக்கிறது, சொல்லில் இல்லை, பேச்சில் இருக்கிறது. காது கேட்காதபோது ‘ஆங்?’ என்கிறோமே, அது ஏறுவது. பிள்ளையை அதட்டும் ‘டேய்!’ இறங்குவது. மனமில்லாமல் சொல்லும் ‘ம்’ தாழ்வு. தொண்டைக்கு எல்லாம் தெரியும். சிக்கல் வேறிடத்தில் வருகிறது. கேள்வி கேட்கும்போதும் சந்தேகப்படும்போதும் வாக்கியக் கடைசியில் நம் குரல் தானாக ஏறும். அங்கே அப்படி ஏற்றினால் கடைசிச் சொல்லின் பொருளே மாறிவிடும். அதனால் அவர்கள் கேள்விக்கு ‘மை’ என்றொரு துண்டைக் கடைசியில் ஒட்டுகிறார்கள், ‘வந்தானா’வில் நாம் ஆகாரம் ஒட்டுவதுபோலவே. உணர்ச்சியைத் துண்டிடம் விட்டுவிட்டு ராகத்தைச் சொல்லுக்கு விடுங்கள்.

இந்த ராகம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பல நாள் தூக்கம் கெடுத்த விஷயம். தாய்லாந்து எழுத்தில் மெய்கள் 44. அவற்றில் இரண்டு வழக்கொழிந்தவை. சொல்லின் தொடக்கத்தில் வரும் மெய்யொலிகளோ 21தான். ‘க்ஹ’ என்ற ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள். வெளிநாட்டுக்காரர் பார்த்தவுடனே இது வீண் சுமை என்று புத்தகத்தை மூடிவிடுவார். நாம் மூடக் கூடாது, ஏனென்றால் இதன் தாத்தா நம் பக்கத்துக்காரர். காஞ்சிப் பல்லவர் காலத்து எழுத்து கடல் தாண்டி, கெமர் எழுத்தாகி, அதிலிருந்து தாய்லாந்து எழுத்து பிறந்தது. 1292ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ராம்காம்ஹேங் மன்னரின் கல்வெட்டு அதன் பழைய வடிவத்தைக் காட்டுகிறது. அந்தக் காலத்தில் அந்த எழுத்துகளில் பலவற்றுக்குத் தனித்தனி ஒலி இருந்தது. ஒன்று நாண் அதிராத ‘க்ஹ’, இன்னொன்று ‘தங்கம்’ ககரம்போல நாண் அதிர வருவது.

நாண் அதிர்ந்து வரும் ஒலிக்கு அடுத்த உயிர் கொஞ்சம் தாழ்ந்த சுருதியில் தொடங்கும். பெரும்பாலான மொழிகளில் காணும் இயல்பு இது, கருவி வைத்து அளக்கலாம், காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. நூற்றாண்டுகள் போக, அந்த அதிர்வு தேய்ந்து இரண்டு ஒலியும் ஒன்றாகிவிட்டன. ஆனால் சுருதி வித்தியாசம் போகவில்லை. முன்பு மெய் தாங்கிய பொருளை இப்போது ராகம் தாங்க வேண்டியதாயிற்று. தொலைந்த ஒலி ராகமாக உயிரோடு இருக்கிறது! வியட்நாமிய மொழியின் ராகங்களும் தேய்ந்த மெய்களிலிருந்து பிறந்தவை என்று ஓத்ரிகூர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1954இல் எழுதிக் காட்டினார்.

எழுத்து மட்டும் பழைய கணக்கை அழிக்காமல் வைத்திருக்கிறது. வியாபாரம் செய்வதும் ‘க்ஹா’, ஏவலாளும் ‘க்ஹா’, இரண்டுக்கும் மேலே ஒரே ராகக்குறி. ஆனால் முதலாவது உயரம், இரண்டாவது இறங்குவது. எழுதும் ககரம் வேறு என்பதால் ராகம் வேறு. மெய்களை உயர், நடு, தாழ் என்று மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். வகுப்பும் குறியும் தெரிந்தால் எந்தச் சொல்லின் ராகத்தையும் பார்த்தவுடன் படித்துவிடலாம். அந்த எழுத்து ஒரு சுரக்குறிப்பு. அதைச் சுமை என்று தூக்கிப்போட்டுவிட்டு ஆங்கில எழுத்தில் போகிறவர் குறிப்பைக் கிழித்துவிட்டுப் பாட்டுப் படிக்கிறார்.

சரி, முப்பது வயதுக் காதுக்கு இந்த வித்தியாசம் கேட்குமா? ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இந்தியில் உள்ள த, ட வேறுபாட்டை ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் பிரித்தறிந்தார்கள், ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிட்டது. வீட்டில் கேட்காத ஒலியைக் காது ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கியதை மீட்க முடியும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 1999இல் அமெரிக்க மாணவர்களுக்குச் சீன ராகங்களை இரண்டு வாரம் கேட்கப் பழக்கினார்கள். ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோதும் தேர்ச்சி குறையவில்லை.

என் அம்மா போடியில் கிட்டங்கி ஒன்றில் ஏலக்காய் தரம் பிரித்தவர். புதிதாக வரும் பெண்களுக்கு முதலில் எல்லாக் காயும் ஒரே பச்சை, ஒரே பருமன். சில வாரங்களில் கை தானாக ஒதுக்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே. எதை வைத்துப் பிரிக்கிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ராகமும் அப்படித்தான் காதில் பிரியும். நிறையக் காய் கையில் பட வேண்டும், அவ்வளவே.

பாங்காக்கில் மார்வின் பிரவுன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1984 முதல் இதை எல்லை வரை கொண்டுபோனார். அவர் முறையில் மாணவர் பல நூறு மணி நேரம் கேட்பார், வாயே திறக்க மாட்டார். சமையற்கட்டில் நிற்கிறவருக்கு அத்தனை நாள் மௌனம் கட்டுப்படியாகாது. ஆனாலும் கேட்பது முன்னே, பேசுவது பின்னே என்ற வரிசையில் எனக்குச் சந்தேகமே இல்லை. விமானம் ஏறும்வரை தினமும் அவர்கள் பேச்சைக் கைபேசியில் ஓடவிடுங்கள், புரியாவிட்டாலும்.

இலக்கணத்தில் அதிகம் இல்லை. வினை காலத்துக்கோ ஆளுக்கோ மாறாது. பேச்சுமுறை நம்முடையதுதான். முன்பின் தெரியாதவரையும் வயது பார்த்து ‘ப்ஹீ’ என்றால் அண்ணன் அல்லது அக்கா. அப்பாவைவிட மூத்தவர் ‘லுங்’, இளையவருக்கு வேறு சொல். பெரியப்பா, சித்தப்பா என்று வளர்ந்தவர் இதில் தடுமாற மாட்டார். நம் ‘ங்க’ போல மரியாதைக்கு ஆண் ‘க்ஹ்ரப்’ என்று முடிக்க வேண்டும், பகரத்தில் வாயை மூடியபடி.

தமிழர் அங்கே போவது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. புக்கெட்டுக்கு வடக்கே தகுவாப்பாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் அது குறிப்பிடுகிறது. பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் திருவெம்பாவையைப் பொருள் தெரியாமலே ஒலியாகக் காப்பாற்றி ஓதிவந்ததை 1950களில் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் கேட்டு வியந்து எழுதினார். சிலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, ரத்தினக் கடைகளில் காயல்பட்டினத்தார் சரளமாக அந்த மொழியில் பேரம் பேசுகிறார்கள். இத்தனை பேர் போய்வந்தும், தமிழிலிருந்து நேராக அந்த மொழிக்குப் போக ஒரு நல்ல பாடப்புத்தகத்தை நம் கடைகளில் என்னால் காண முடியவில்லை. பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை. வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்களும் சமையற்காரரிடம் ஆங்கிலத் தாளைத் திணிப்பதை நிறுத்த வேண்டும்.

புக்கெட் போவதால் ஒன்று கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசுவது தெற்கத்திப் பேச்சு. வேகம் அதிகம், ராகங்கள் வேறு, சில வட்டாரங்களில் ஏழு வரை உண்டு. அது புரியவில்லையே என்று முதல் வாரத்தில் மனம் தளர வேண்டாம். பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் வருவது பாங்காக் பேச்சு, அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். ‘ப்ஹாசா க்லாங்’ என்று கேளுங்கள், பொதுமொழிக்கு மாறிக்கொள்வார்கள். முதலில் அதைப் பிடியுங்கள், தெற்கத்திப் பேச்சு பிறகு சமையற்கட்டிலேயே வரும்.