மீண்டும் வாசித்தால் மனத்தில் நிற்குமா?

பரீட்சை நெருங்கியதும் நம் இல்லங்களில் ஒரே பாடம் பத்து முறை ஓதப்படும் ஒலி கேட்கும். வரிகளின் கீழே சிவப்புக் கோடுகளும் பெருகும். இவை பயன் தருவனவா என ஆராய்ந்தோர் உளர்.

அமெரிக்க உளநூலறிஞர்களான றோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணாக்கர் சிறியதோர் உரைநடைப் பகுதியை வாசித்தனர். பின்னர் ஒரு சாரார் அதையே மறுபடி வாசித்தனர். மறு சாரார் ஏட்டைப் பாராமல் நினைவில் நின்றதை எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது, மறுபடி வாசித்தவர் நூற்றுக்கு 81 பங்கும், எழுதிப் பார்த்தவர் 75 பங்கும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரஞ் சென்றபின்னோ முன்னவர் 42, பின்னவர் 56!

இங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகின்றனர். வாசித்த கையோடு பாடந் தெளிவாகத் தோன்றுகிறது. அத்தோற்றத்தையே கல்வியெனக் கொள்கின்றனர். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

2013இல் டன்லொஸ்கி முதலியோர் பத்து முறைகளை ஒப்புநோக்கி, தன்னைத்தானே சோதித்தல், இடைவெளி விட்டுக் கற்றல் என்னும் இரண்டையே பெரும்பயன் தருவன என்றனர். கோடிடுதல் கடைத்தரத்தில் வைக்கப்பட்டது. பேனை விற்போர் என்மீது சினங்கொள்ள வேண்டா!

நம் திண்ணைப் பள்ளிகளில் பாடத்தை ஏடு பாராமல் ஒப்புவிக்கச் செய்தனர். பொருள் விளங்காது ஒப்புவித்தலை யான் ஏற்கேன். ஆயினும் ஏட்டை மூடியமை நன்றே. பெற்றோரே, இன்றிரவு பிள்ளையின் நூலை வாங்கி வைத்துக்கொண்டு நேற்றைய பாடத்தைக் கேளுங்கள். அடுத்த வாரமும் அதையே கேளுங்கள்.