ஏலத்தோடு தீராத கடன்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றிப் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க் செய்யும் பட்டறைக்காரர் பலருக்கு இயந்திரக் கடனுக்கு ஜாமீனாக நிற்பது சொந்த வீட்டுப் பத்திரம்தான். ஆர்டர் குறையும், பில் பணம் இழுக்கும், தவணை நிற்கும். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். பிறகு, அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் நோட்டீஸ் 60 நாள் கெடுவோடு வரும். அலுத்துப்போனவர் சொல்வார்: "சாவியைக் கொடுத்துட்டா விட்டது தொல்லை." விடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடு வாங்கிய விலை 20 லட்சம். வட்டியோடு பாக்கி 58 லட்சம். ஏலத்தில் போனது 50 லட்சம். மீதி 8 லட்சத்துக்கு வங்கி சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். 20 லட்சத்துக்குக் குறையாத தொகை என்றால் கடன் வசூல் தீர்ப்பாயத்தில். ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானையும் கேட்கலாம். வங்கி தன் ஏட்டில் 'ரைட்-ஆஃப்' செய்துவிட்டதைத் தள்ளுபடி என்று நம்பிவிடாதீர்கள். அது வங்கியின் உள்கணக்கு. உங்கள் கடன் அப்படியே இருக்கும். எழுத்தில் வந்த செட்டில்மென்ட் கடிதம்தான் தள்ளுபடி. மாறாக, ஏலத்தொகை பாக்கியையும் செலவையும் தாண்டினால் மிச்சம் உங்களுக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்குங்கள்.

பலரும் யோசித்தே பார்க்காத இடம் வருமான வரி. 20 லட்சத்து வீடு 50 லட்சத்துக்குப் போனது. 30 லட்சம் மூலதன ஆதாயம். ஒரு ரூபாய்கூட உங்கள் கைக்கு வரவில்லையே என்றால், வரிச் சட்டம் அதைக் கேட்காது. உங்கள் சொத்து விற்றது, உங்கள் கடன் அடைந்தது, அவ்வளவுதான். நீங்களே வைத்த அடமானத்தைத் தீர்த்த பணத்தை ஆதாயத்திலிருந்து கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் சொன்னது. அரசே ஏலம் விட்ட ஆந்திர வழக்கிலும் 2001இல் அதையே சொன்னது. அப்பா வைத்த அடமானத்தோடு சொத்து உங்களுக்கு வந்து நீங்கள் தீர்த்திருந்தால் மட்டும் கழிக்கலாம். எனக்கு இது கொடுமையாகவே படுகிறது, ஆனாலும் சட்டம் இதுதான். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதம், அதாவது மூன்றே முக்கால் லட்சம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதென்றால், விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதக் கணக்கையும் ஆடிட்டரைப் போடச் சொல்லுங்கள். எது குறைவோ அது. வாங்கிய விலைக்கும் கீழே ஏலம் போயிருந்தால் நஷ்டம். கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால் அதை எட்டு வருடம் எடுத்துச் செல்லலாம்.

மீதி 8 லட்சத்தை வங்கி விட்டுக்கொடுத்தால்? அமெரிக்காவில் விட்டுக்கொடுத்த கடனையே பொதுவாக வருமானமாகப் பார்ப்பார்கள். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கே பயப்படுகிறவர்கள் உண்டு. நம் ஊரில், சம்பளக்காரர் குடியிருக்க வாங்கிய வீட்டுக் கடனின் அசல் தள்ளுபடியானால் அது பொதுவாக வருமானம் ஆகாது. பட்டறைக் கடன் வேறு. செலவாகக் காட்டி ஏற்கெனவே வரி குறைத்த வட்டி தள்ளுபடியானால் அது வருமானம். அசல் தள்ளுபடி வருமானமல்ல என்று 2018இல் மஹிந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த காப்பையும் 2023 நிதிச் சட்டம் உலுக்கிவிட்டது: தொழில்வழி வந்த சலுகை பணமாக இருந்தாலும் வரிக்கு உட்படும் என்று திருத்தினார்கள். ஆகவே செட்டில்மென்ட் கடிதத்தில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்த கடனுக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

ஏலத்துக்கு முன்பே செய்ய வேண்டியதும் உண்டு. 60 நாள் நோட்டீஸுக்கு ஆட்சேபம் எழுதினால் 15 நாளில் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை. 2023இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: விவசாய நிலத்தின்மேல் சர்ஃபாசி சட்டம் பாயாது. ஆனால் அங்கே உண்மையில் பயிர் இருக்க வேண்டும். பட்டாவில் 'புன்செய்' என்று இருந்தால் மட்டும் போதாது.

வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பெங்களூரு கிளையில் கடன், ஓசூரில் வீடு என்று இருப்பவர்கள் வங்கி வீட்டை எடுத்ததை எதிர்த்து வழக்குப் போடப் பெங்களூரு அலைய வேண்டுமோ என்று தயங்குகிறார்கள். வேண்டாம். வீடு இருக்கும் பகுதிக்கான கடன் வசூல் தீர்ப்பாயத்திலேயே மனுப் போட 2016 திருத்தம் வழி செய்திருக்கிறது. வங்கி வீட்டை எடுத்த நாளிலிருந்து 45 நாள்தான் அவகாசம். கதவில் ஒட்டிய நோட்டீஸைக் கோபத்தில் கிழித்து எறியாதீர்கள். தேதி தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.